கோழிக்கு மட்டும் மருந்து போட்டால் பேன் போகாது

கேள்வி இதுதான். வீட்டுப் பின்கட்டில் பன்னிரண்டு சிறுவிடைக் கோழிகள். மூங்கில் தப்பையும் பழைய பலகையும் வைத்து அடித்த கூடு. அடையில் உட்கார்ந்த கோழி ராத்திரியில் எழுந்து போய்விடுகிறது. முட்டை எடுக்கக் கை விட்டால் சாம்பல் நிறத்தில் பொடிப்பூச்சி கையில் ஏறுகிறது. வேப்பெண்ணெய் தடவினால் நாலு நாள் நன்றாக இருக்கிறது, பத்தாம் நாள் பழையபடி ஆகிவிடுகிறது. வேறு என்ன மருந்து போடலாம்?

வேப்பெண்ணெயில் குறையில்லை. நீங்கள் அதைத் தடவிய இடத்தில் பூச்சிகளில் பெரும்பங்கு இல்லவே இல்லை. கோழியின் மேல் இருந்தவை செத்தன. மூங்கில் வெடிப்பிலும் பலகை இடுக்கிலும் அடைக்கூடை வைக்கோலிலும் இருந்தவை அப்படியே இருந்தன. அவற்றின் முட்டைகளும் பொரித்தன. பத்தே நாளில் திரும்பி வந்ததற்குக் காரணம் இதுதான். எவ்வளவு வீரியமான மருந்தை வாங்கிக் கோழிக்குப் போட்டாலும், கூட்டை விட்டுவிட்டால் இதே கதைதான் நடக்கும்.

மருந்துக் கடைக்குப் போவதற்கு முன் ஒரு ராத்திரி வேலை இருக்கிறது. ஒன்பது பத்து மணிக்கு மேல், கோழிகள் அடங்கியபின், டார்ச் எடுத்துக்கொண்டு கூட்டுக்குள் பாருங்கள். கோழிகள் உட்காரும் கழியின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். துணியில் ரத்தத் தீற்றல் தெரிந்தால் அது சிவப்புச் சிற்றுண்ணி. அறிவியல் பெயர் டெர்மனிசஸ் கேலினே. பசியோடு இருக்கும்போது சாம்பல் நிறம், ரத்தம் குடித்தபின் சிவப்பு, செரித்தபின் கறுப்பு. பெரிதாக வளர்ந்ததே ஒரு மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும். பகலில் பார்த்தால் இடுக்குகளில் உப்பும் மிளகுப்பொடியும் கலந்து கொட்டியதுபோல ஒரு படிவு தெரியும். பூச்சிகளும், அவற்றின் கழிவும், உரித்துப் போட்ட தோலும் சேர்ந்த படிவு அது. பலரும் அதைத் தூசி என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

அடுத்து, பகலில் ஒரு கோழியைப் பிடித்து மல்லாத்தி, ஆசனவாயைச் சுற்றியுள்ள இறகை விலக்கிப் பாருங்கள். பட்டப்பகலிலேயே அங்கு பொடிப்பூச்சி ஓடினால், இறகடி அழுக்கேறிக் கறுத்திருந்தால், அது வேறு வகை. நம்மைப்போன்ற வெப்பநாடுகளில் அதிகம் இருப்பது ஆர்னிதோனிசஸ் பர்சா. இது கோழியின் உடம்பிலும் இருக்கும், அடைக்கூடையிலும் குடியிருக்கும். மைனா, சிட்டுக்குருவி, புறா ஆகியவற்றின் கூடுகளிலிருந்தும் இறங்கி வரும். முட்டை எடுக்கும்போது உங்கள் கையில் ஏறியது இதுவாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் அடைக்கோழி ராத்திரியில் எழுந்து ஓடுகிறது என்று சொல்வதால் சிவப்புச் சிற்றுண்ணியையும் ஒதுக்க முடியாது. இரண்டும் ஒரே கூட்டில் இருக்கலாம். அதனால்தான் ராத்திரி ஒருமுறை, பகலில் ஒருமுறை என்று இரண்டு சோதனையையும் செய்யச் சொல்கிறேன்.

ஊரில் எல்லாவற்றையும் கோழிப்பேன் என்றே சொல்லிவிடுகிறோம். உண்மையான பேன் ரத்தம் உறிஞ்சுவதைவிட இறகையும் தோல் செதிளையும் கடித்துத் தின்பதில்தான் முனைப்பாக இருக்கும். வைக்கோல் நிறம், கண்ணுக்கு நன்றாகத் தெரியும், இறகின் அடியில் வெள்ளையாக ஈர் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும். கோழியை விட்டு இறங்காது. ஆகவே பேனுக்குக் கோழிமேல் மருந்து போட்டாலே போதும். கண்ணைச் சுற்றியும் கொண்டையிலும் கறுப்புக் கடுகு ஒட்டவைத்ததுபோல அசையாமல் இருந்தால் அது தெள்ளு. கால் செதில் தூக்கிக்கொண்டு, சுண்ணாம்பு அப்பியதுபோல மொத்தமாகியிருந்தால் அது கால் செதிலுக்குள் வாழும் நெமிடோகாப்டஸ் என்னும் இன்னொரு சிற்றுண்ணி. இதற்கு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் காலை ஊறவைத்து, பழைய பிரஷால் மெல்லத் தேய்த்து, துடைத்துவிட்டு, வாரம் இரண்டுமுறை வேப்பெண்ணெயோ வாசலினோ கெட்டியாகப் பூச வேண்டும். பூச்சிக்கு மூச்சு முட்டிப்போகும். செதிலைப் பிய்க்காதீர்கள், ரத்தம் வரும். பழைய செதில் உதிர்ந்து புதிது வர மாதக்கணக்காகும், பொறுமை வேண்டும்.

இனி சிவப்புச் சிற்றுண்ணி எப்படி வாழ்கிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். செய்ய வேண்டிய வேலை எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. பகல் முழுக்க இடுக்கில் கிடக்கும். இருட்டியதும் கழி வழியாக ஏறி, கோழியின் ரத்தத்தைக் குடித்துவிட்டு, ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் இறங்கி மறுபடி இடுக்குக்குப் போய்விடும். முட்டையிடுவதும் அங்கேதான். முட்டை இரண்டு மூன்று நாளில் பொரிக்கும். நம் ஊர்ச் சூட்டில் முட்டையிலிருந்து அடுத்த தலைமுறை முட்டையிடும் பருவத்துக்கு வர ஏழு முதல் பத்து நாள் போதும். நீங்கள் சொன்ன பத்தாம் நாள் கணக்கு இதோடு பொருந்துகிறது பாருங்கள். நாம் அடிக்கும் மருந்துகளில் பெரும்பாலானவை முட்டையைக் கொல்வதில்லை. எனவே ஒரே தடவை அடித்துவிட்டு முடிந்தது என்று இருக்கவே முடியாது. முதல் நாள், ஏழாம் நாள், பதினாலாம் நாள் என்று மூன்று சுற்று கட்டாயம். இரண்டாம் சுற்றின்போது பூச்சி கண்ணில் படாது, அதனால் பலரும் அந்தச் சுற்றை விட்டுவிடுவார்கள். விடாதீர்கள்.

கூட்டைச் சும்மா பூட்டிப்போட்டால் பட்டினியில் செத்துவிடும் என்றும் நம்பாதீர்கள். குளிர்ச்சியான இடத்தில் இது எட்டு மாதம்கூட ரத்தமில்லாமல் தாக்குப்பிடிக்கும். நம் வெயிலில் அவ்வளவு தாங்காது என்றாலும், சந்தையில் வாங்கிய பழைய கூண்டு, பக்கத்து வீட்டில் சும்மா கிடந்த பஞ்சாரம் ஆகியவற்றில் உயிரோடு வந்து சேர்வது சாதாரணம்.

கூட்டைச் சுத்தம் செய்ய நல்ல வெயில் நாளாகப் பார்த்து, காலையிலேயே தொடங்குங்கள். கோழிகளை வேறிடத்தில் அடையுங்கள். அடைக்கூடை வைக்கோல், தரைக் குப்பை, கழிவு எல்லாவற்றையும் வழித்தெடுத்து, கூட்டிலிருந்து தள்ளி எரித்துவிடுங்கள். எரிக்க முடியாத எருவைக் கறுப்பு பிளாஸ்டிக் சாக்கில் கட்டி வெயிலில் போடுங்கள். பூச்சியோடு இருக்கும் எருவைக் கூட்டின் பின்புறமே குவித்துவைத்தால் சாயங்காலத்துக்குள் திரும்பி நடந்து வந்துவிடும். கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றுங்கள். கழி, முட்டைப் பெட்டி, கதவு, பலகை எதையும் விடாதீர்கள். கம்பி பிரஷால் இடுக்குகளைச் சுரண்டிவிட்டு, கொதிக்கிற தண்ணீரில் சோப்புத்தூள் கரைத்து இடுக்கு இடுக்காக ஊற்றுங்கள். கொதிநீர் மருந்தைவிட ஒரு விதத்தில் மேல். அது பட்ட இடத்தில் பூச்சியோடு முட்டையும் வெந்துபோகிறது. சோப்பு, பூச்சியின் மேலுள்ள மெழுகுப் படலத்தைக் கரைத்துவிடுகிறது.

பஞ்சாரம் வைத்திருந்தால் அதன்மேல் தனிக்கவனம் தேவை. பின்னல் முழுக்கப் பூச்சி ஒளிய இடம்தான். பெரிய பாத்திரத்தில் முக்கியெடுக்க முடிந்தால் நல்லது. இல்லாவிட்டால் உள்ளும் புறமும் கொதிநீர் ஊற்றி, இரண்டு மூன்று நாள் திருப்பித் திருப்பி வெயிலில் காயவையுங்கள். ரொம்பப் பழையதாகி நார் பிரிந்திருந்தால் எரித்துவிட்டுப் புதிது வாங்குவதே மிச்சம். மூங்கில் கழியில் இன்னொரு சங்கதி உண்டு. வெட்டிய முனையில் உள்ள பொந்து இவற்றுக்கு அரண்மனை. எவ்வளவு மருந்து அடித்தாலும் உள்ளே போகாது. கொதிநீர் விட்டு, காய்ந்தபின் சிமெண்டோ களிமண்ணோ வைத்து இரு முனையையும் அடைத்துவிடுங்கள். என்னைக் கேட்டால், உட்காரும் கழிக்கு மூங்கிலை விட்டுவிட்டு, இழைத்து மழமழப்பாக்கிய ஒரே மரச்சட்டம் வைக்கச் சொல்வேன். இடுக்கே இல்லாவிட்டால் பூச்சிக்குப் பகலில் போக்கிடம் இல்லை.

அந்தக் கழியின் முனை சுவரைத் தொடவும் கூடாது. நான்கு கால் கொடுத்து நடுவில் நிறுத்தி, கால் ஒவ்வொன்றையும் எண்ணெய் ஊற்றிய கிண்ணத்தில் வையுங்கள். எறும்புக்குப் பயந்து அலமாரிக் காலுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைப்பது போலத்தான் இதுவும். தரையிலிருந்தோ சுவரிலிருந்தோ ராத்திரி ஏறி வரும் வழி அடைபடுகிறது. செலவு அதிகமில்லை, பலன் வருடக்கணக்கில் நிற்கும். இவ்வளவு சொன்னதில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

மண் சுவராகவோ செங்கல் சுவராகவோ இருந்தால், காய்ந்தபின் கெட்டியாகச் சுண்ணாம்பு அடித்து வெடிப்புகளை மூடுங்கள். கேஸ் பர்னரால் தீ காட்டுவது இரும்புக் கூண்டுக்கும் செங்கலுக்கும் மட்டும். கீற்றும் மூங்கிலும் இருக்கும் கூட்டில் அந்த எண்ணமே வேண்டாம். வேப்பிலைப் புகை போடுவது கொசுவை விரட்டும். இடுக்குக்குள் இருக்கும் சிற்றுண்ணிக்கு அதனால் ஒன்றும் ஆகாது, மூடிய கூட்டில் கோழிக்குத்தான் மூச்சுத் திணறும்.

இப்போது மருந்து. கூட்டுக்கு அடிக்கக் கால்நடை மருந்துக் கடைகளில் எளிதாகக் கிடைப்பது 1.25 சதவீத டெல்டாமெத்ரின். லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லி கலப்பது வழக்கம். புட்டியோடு வரும் தாளில் வேறு அளவு இருந்தால் அதன்படி செய்யுங்கள். தெளிப்பானால் இடுக்குகள் நனைய நனைய அடித்து, முழுக்கக் காய்ந்தபின் மட்டுமே கோழிகளை உள்ளே விடுங்கள். தீவனத் தொட்டியும் தண்ணீர்ப் பாத்திரமும் வெளியே இருக்க வேண்டும். வீட்டில் பூனையோ மீன் தொட்டியோ இருந்தால் இந்த வகை மருந்தில் இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும். பெர்மெத்ரின், டெல்டாமெத்ரின் எல்லாம் மீனுக்கு நஞ்சு, பூனைக்கும் ஆகாது. மீதியைக் கிணற்றடியிலோ குளத்திலோ கொட்டக் கூடாது. பல வருடம் ஒரே மருந்தை அடித்து வந்த இடங்களில் பூச்சி அதற்குப் பழகிப்போவதும் உண்டு. மூன்று சுற்று ஒழுங்காக அடித்தும் குறையவில்லை என்றால் அளவைக் கூட்டாதீர்கள், டாக்டரிடம் கேட்டு மருந்தையே மாற்றுங்கள்.

கோழியின் மேல் போடுவதற்குக் கால்நடை டாக்டர் சொல்லும் தூளையோ நீர்த்த மருந்தையோ மட்டும் பயன்படுத்துங்கள். ஆசனவாய்ப் பகுதி, இறக்கையின் அடி, கழுத்தின் பின்புறம் என்று இறகை விலக்கிப் போட வேண்டும். கண், மூக்கு, அலகுப் பக்கம் படக் கூடாது. குஞ்சுகளுக்கு அதே அளவு ஆகாது. எத்தனை நாள் முட்டையைச் சாப்பிடக் கூடாது, எத்தனை நாள் கறிக்கு அறுக்கக் கூடாது என்பதை மருந்து வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ஐவர்மெக்டின் ஊசியை மாட்டுக்கு வாங்கி வைத்ததிலிருந்து ஒரு சொட்டு கோழிக்கும் போடலாம் என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். கோழியின் எடைக்கு அந்தச் சொட்டே பல மடங்காகிவிடும், முட்டையிலும் மருந்து இறங்கும். டாக்டர் எடை பார்த்துக் கொடுத்தால் சரி, இல்லாவிட்டால் வேண்டாம்.

நாய்க்குக் கழுத்தில் விடும் சொட்டு மருந்தைக் கோழிக்கு விடுவதும் அப்படித்தான். அதில் பெரும்பாலும் ஃபிப்ரோனில் என்னும் பூச்சிக்கொல்லி இருக்கும். 2017ல் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் இதே சிவப்புச் சிற்றுண்ணிக்காகப் பண்ணைகளில் அடித்த மருந்தில் ஃபிப்ரோனில் கலந்திருந்தது தெரியவந்து, லட்சக்கணக்கான முட்டைகளை அழித்தார்கள், பண்ணைகளை மூடினார்கள். வீட்டுப் பிள்ளைகள் சாப்பிடும் முட்டை என்பதை மறக்க வேண்டாம். அதே ஆண்டு ஐரோப்பாவில் ஃபுளூரலானர் என்ற மருந்தைக் கோழிகளுக்குக் குடிநீரில் கொடுக்க அனுமதித்தார்கள். அதையும் ஏழு நாள் இடைவெளியில் இரண்டு தடவை கொடுக்க வேண்டும். அதே மருந்து நாய்க்கு வரும் மாத்திரையில் இருக்கிறது என்று உடைத்துக் கரைப்பது ஆபத்து.

பெரியவர்கள் சிலர் காமாக்சின் பவுடரைப் பற்றிச் சொல்வார்கள். பி.எச்.சி. என்ற அந்த நஞ்சு இந்தியாவில் 1997லேயே தடைசெய்யப்பட்டது. எங்காவது பழைய டப்பா கிடந்தால் தொடாதீர்கள். புகையிலைத் தண்ணீரும் வேண்டாம். நிகோடின் தோல் வழியாகவே ஏறும், கோழியும் மயங்கும், தெளிக்கிற ஆளுக்கும் தலை சுற்றும். மண்ணெண்ணெயைக் கழியின் இடுக்கில் துணியால் தடவலாம். கோழியின் உடம்பில் தடவினால் தோல் வெந்துவிடும்.

வேப்பெண்ணெயைக் கைவிடச் சொல்லவில்லை. லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் 20 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து நன்றாகக் குலுக்கி, கூட்டின் இடுக்குகளுக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை அடித்துவந்தால் மருந்துச் சுற்றுகளுக்கு இடையே பொரிப்பவற்றைக் குறைக்கும். சோப்பு இல்லாமல் எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது, அடிப்பது வீண். வசம்பு, மஞ்சள், பூண்டு, வேப்பிலை, உண்ணிச்செடி இலை அரைத்துக் கரைத்து மாட்டுக்கு உண்ணி போகத் தெளிப்பதைக் கோழிக்கூட்டுக்கும் அடிக்கலாம். லேசான தொல்லைக்கு இவை போதும். இடுக்கெல்லாம் பூச்சி மண்டிக் கிடக்கும் உங்கள் நிலைமையில் முதலில் கொதிநீரும் மருந்தும், பிறகு பராமரிப்புக்கு இவை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடைக்கோழியை உடனே கவனிக்க வேண்டும், அது காத்திருக்காது. அடையில் இருக்கும் 21 நாளும் கோழி மண்குளியலுக்குப் போவது குறைவு, தீனியும் குறைவு. பூச்சிக்கு ராத்திரி பகல் இரண்டும் ஒரே இடத்தில் விருந்து. ஒன்றரைக் கிலோ கோழியின் உடம்பில் மொத்தமே ஏறத்தாழ 100 மில்லி ரத்தம்தான். பொரித்த குஞ்சிடம் மூன்று நான்கு மில்லி. தாய் தாங்கினாலும் குஞ்சு தாங்காது. பொரித்த முதல் வாரத்தில் காரணம் தெரியாமல் வெளுத்துச் சாகும் குஞ்சுகளில் பலவற்றின் காரணம் கூடையில்தான் இருக்கிறது. ஆகவே இன்று சாயங்காலமே புது அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து, காய்ந்த மணலும் சலித்த அடுப்புச் சாம்பலும் கலந்து அடியில் பரப்பி, மேலே புது வைக்கோல் போடுங்கள். கோழியின் ஆசனவாய்ப் பக்கம் டாக்டர் சொன்ன தூளைப் போட்டு, முட்டைகளைக் காய்ந்த துணியால் துடைத்து மாற்றி, இருட்டியபின் கோழியை அதன்மேல் உட்காரவையுங்கள். பகலில் மாற்றினால் பழைய இடத்துக்கே ஓடும். முட்டை மேல் வேப்பெண்ணெய் தடவவே கூடாது. ஓட்டின் துளைகள் அடைபட்டு உள்ளே கரு மூச்சில்லாமல் செத்துவிடும். பதினெட்டாம் நாள் வைக்கோலை இன்னொருமுறை மாற்றுங்கள். குஞ்சு புதுப் படுக்கையில் பொரிக்கும்.

கொண்டை வெளுத்த கோழிகள் இருந்தால் தனியே பிரித்து, முருங்கைக்கீரையும் நல்ல தீவனமும் கொடுங்கள். வெளுப்புக்குக் குடற்புழுவும் காரணமாக இருக்கலாம், கழிச்சலும் சேர்ந்திருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். தமிழ்நாட்டில் 1962க்குப் போன் செய்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியைக் கேட்கலாம். அம்மைக் கொப்புளம் தெரிந்தாலும் சொல்லுங்கள். கொசுவைப் போலவே சிற்றுண்ணியும் கோழி அம்மையைப் பரப்பும்.

உங்கள் கையில் வந்த அரிப்புக்குப் பயப்பட வேண்டாம். இவை மனிதரைக் கடிக்கும், ஆனால் மனித உடம்பில் குடியிருந்து பெருகாது. வேலை முடிந்ததும் துணியைச் சுடுதண்ணீரில் போட்டுக் குளித்துவிடுங்கள். கூடு சுத்தமானால் அரிப்பும் நிற்கும். படுக்கையறை சன்னலை ஒட்டிக் கூடு இருந்தால் மட்டும் இடத்தை மாற்றுங்கள்.

கோழிகள் தாமே பூச்சியை உதற, மழை படாத மூலையில் ஒரு பழைய டயரிலோ தொட்டியிலோ காய்ந்த மண், மணல், மரச்சாம்பல் கலந்து எப்போதும் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளிமண் நனைந்து கிடக்கும் நாட்களில்தான் இந்தத் தொட்டி மிகவும் தேவை. ஈரப்பதமும் மிதமான சூடும் சேரும் அந்தப் பருவத்தில் பூச்சி வேகமாகப் பெருகும். கூட்டின் கூரையில் குருவியோ மைனாவோ கட்டிய கூடு இருந்தால், அதன் குஞ்சுகள் பறந்துபோனபின் எடுத்துவிடுங்கள். தாய்ப்பறவை கைவிட்ட கூட்டிலிருந்து பசித்த பூச்சி கீழே இறங்கும். சந்தையிலிருந்து வாங்கும் புதுக்கோழியை மூன்று வாரம் தனியே வைத்து, இறகை விலக்கிப் பார்த்தபின் சேருங்கள்.

மூன்றாம் சுற்று முடிந்த ஒரு வாரம் கழித்து, சுருட்டிய நெளி அட்டைத் துண்டு ஒன்றைக் கழியின் அடியில் கட்டி, இரண்டு ராத்திரி விட்டு, பிளாஸ்டிக் பையில் போட்டு உதறிப் பாருங்கள். ஒன்றும் விழவில்லை என்றால் மாதம் ஒருமுறை இதே சோதனை போதும். விழுந்தால், அட்டையை எரித்துவிட்டு முதல் சுற்றிலிருந்து மறுபடி தொடங்குங்கள். இந்த முறை எந்த இடுக்கு விட்டுப்போனது என்று தேடுங்கள். பெரும்பாலும் முட்டைப் பெட்டியின் அடிப்பலகையோ கதவுக் கீலோ ஆகத்தான் இருக்கும்.